தடித்த குரல்காரிகள்

நமது சமூகத்தில் ஒரு பெண்பிள்ளையின் குரலைப் பற்றி இரண்டே இரண்டு பேச்சுகள்தாம் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, "மெல்லமாக் கதை". மற்றது, "மாஷா அல்லாஹ், என்ன இனிமையான குரல்!" முதலாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். இரண்டாவது, கஸீதா பாடுவதற்கும் காலைக் கூட்டத்தில் வரவேற்புரை வாசிப்பதற்கும் தெரிவாகிற நாலைந்து பேருக்கு மட்டும் கிடைக்கும். இவற்றுக்கு வெளியே ஒரு கூட்டம் இருக்கிறது. குரல் தடித்தவர்கள், கரகரத்தவர்கள், மூக்கால் கதைப்பவர்கள், "ஆம்புளக் குரல்" என்று எட்டாம் வகுப்பிலேயே பட்டம் வாங்கிவிட்டவர்கள். குழுப்பாடலில் இவர்களைப் பின்வரிசையில் நிறுத்தி, "நீங்க வாய மட்டும் அசையுங்க" என்று சொல்லிவிடுகிறோம். இரண்டு வருடம் இப்படி வாயை மட்டும் அசைத்த பிள்ளை, மூன்றாம் வருடம் வகுப்பறையில் கேள்வி கேட்பதையும் விட்டுவிடுகிறாள்.

அந்தப் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் மனதில் வைத்து ஒரு ஜப்பானியப் பெண்ணின் தொழில் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் நொபுயோ ஓயாமா. பெயரைத் தெரியாதவர்களும் அவர் குரல் கொடுத்த உருவத்தை அறிவார்கள். காதில்லாத நீலப் பூனை, வயிற்றில் ஒரு பை, அதிலிருந்து வேண்டியதெல்லாம் எடுத்துத் தரும் டோரேமொன். 1979ஆம் ஆண்டு முதல் 2005ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ 26 வருடங்கள், ஜப்பானில் டோரேமொன் பேசியது ஓயாமாவின் தொண்டையால்.

அவர் 1933இல் டோக்கியோவில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே அவரது குரல் தடித்தும் கரகரத்தும் இருந்தது. நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தபோது வாயைத் திறந்ததும் வகுப்பே சிரித்தது. பிள்ளை பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். இதைக் கண்டுபிடித்த தாய் என்ன செய்தார் என்பதை ஓயாமா பின்னாளில் பல தடவைகள் சொல்லியிருக்கிறார். பலவீனமான உறுப்பை ஒளித்து ஒளித்து வைத்தால் அது மேலும் பலவீனமாகும், குரலும் அப்படித்தான், ஆகவே குரலைப் பாவிக்கிற ஏதாவது ஒன்றில் சேர் என்று மகளிடம் சொன்னாராம். மகள் பள்ளியின் ஒலிபரப்புக் கழகத்தில் சேர்ந்தாள்.

எனக்கு இந்த இடத்தில் அந்தத் தாயை மிகவும் பிடிக்கிறது. "உன் குரல் அழகாகத்தான் இருக்கிறது" என்று அவர் பொய் சொல்லவில்லை. "அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்" என்று மேலோட்டமாகத் தேற்றவுமில்லை. நம் உம்மாமார் முருங்கைக்காய்க்கு உப்புப் போதாது என்று சொல்வதுபோல, உள்ளதை உள்ளபடி சொல்லி, செய்ய வேண்டியதையும் சொல்லிவிட்டார். இதே பிள்ளை நம்மிடம் வந்திருந்தால் தேனும் இஞ்சியும் கொடுத்துக் குரலைத் "திருத்த" முயன்றிருப்போம்.

ஓயாமா அதன்பின் ஹையூஸா என்ற நாடகக் குழுவின் பயிற்சிப் பள்ளியில் நடிப்புப் படித்தார். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கார்ட்டூனுக்குக் குரல் கொடுப்பது என்றால் மிமிக்ரி என்று நினைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஜப்பானில் "ஸெய்யூ" என்று அழைக்கப்படும் குரல் நடிகர்களின் அந்தத் தலைமுறையினரில் பலர் மேடை நாடகத்திலிருந்து வந்தவர்கள். மூச்சை எங்கே எடுப்பது, வசனத்தின் பாரத்தை எந்தச் சொல்லில் வைப்பது, மற்றவர் பேசும்போது எப்படிக் கேட்பது என்பதெல்லாம் அவர்கள் மேடையில் கற்றவை. விசித்திரக் குரல் ஒருவரைக் கதவுவரை கொண்டுபோய் விடலாம். உள்ளே போனபின் நடிக்கத் தெரியாவிட்டால் இரண்டாம் நாள் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

1960ஆம் ஆண்டு ஜப்பானியத் தேசிய ஒலிபரப்பான என்.எச்.கே. தொலைக்காட்சியில் மூன்று பன்றிக்குட்டிகளின் கதையொன்று தொடங்கியது. மூத்த குட்டிக்கு ஓயாமாவின் குரல். கடைக்குட்டிக்குக் குரல் கொடுத்தவர் தெத்ஸுகோ குரோயனாகி. இவரை நம் வாசகியர் பலருக்குத் தெரியும். நூலகத்தில் உள்ள டோட்டோ-சான் நூலை எழுதியவர், அந்த நூலில் வருகிற சிறுமியும் அவரே. (பன்றிக்குட்டி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அவர்கள் நாட்டுக் கதை அவர்களுக்கு.) குரோயனாகியும் தொடக்கத்தில் குரலாலும் பேச்சு முறையாலும் திட்டு வாங்கியவர். அந்த வேகத்தையும் அந்தத் தனித்தன்மையையும் கொஞ்சம் குறைக்கும்படி ஒலிப்பதிவுக் கூடங்களில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். திருத்தாதே, இப்படியே இரு என்று சொன்னவர் தடாசு ஈஸாவா என்ற நாடகாசிரியர். பன்றிக்குட்டிகளின் கதையை எழுதியவரும் அவரே. ஆக, பள்ளியிலும் நிலையத்திலும் சிரிப்புக்கும் கண்டனத்துக்கும் ஆளான இரண்டு குரல்கள் ஒரே நிகழ்ச்சியில் ஒரு நாட்டின் சிறுவர்களை மகிழ்வித்தன.

ஓயாமா பெரும்பாலும் சிறுவர்களுக்கும் ஆண் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார். இது அந்தத் தொழிலின் வழமை. ஜப்பானில் தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில் வெளிநாட்டுத் தொடர்களுக்கு நேரடியாகவே, ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே குரல் கொடுத்தார்கள். சிறுவர்களை அந்த நேரத்தில் கொண்டுவந்து நிறுத்த முடியாது, கொண்டுவந்தாலும் பிழை விட்டால் திருத்த முடியாது. ஆகவே வளர்ந்த பெண்களைச் சிறுவர்களாகப் பேச வைத்தார்கள். தொடர்கள் வருடக்கணக்கில் ஓடத் தொடங்கியபோது இன்னொரு வசதியும் தெரிந்தது: பையனுக்குப் பதின்மூன்று வயதில் குரல் உடையும், பெண்ணுக்கு அப்படி உடையாது. இன்று உங்கள் தம்பிமார் பைத்தியமாகப் பார்க்கும் நருட்டோவுக்கும் லூஃபிக்கும் பொக்கிமொன் தொடரின் சடோஷிக்கும் ஜப்பானிய மொழியில் குரல் பெண்களுடையது. டிராகன் போல் தொடரின் கோகுவுக்கு 1986இலிருந்து குரல் கொடுத்துவருபவர் 1936இல் பிறந்த மஸாகோ நொஸாவா என்ற பெண்மணி. உலகையே அதிர வைக்கும் அந்தக் கத்தலைக் கத்துவது எண்பது வயது தாண்டிய ஒரு மூதாட்டி என்று என் தம்பியிடம் சொன்னேன். அவன் இன்னும் நம்பவில்லை. "ஆம்புளக் குரல்" என்று நாம் இழிவாகச் சொல்வதற்கு அங்கே இப்படி ஒரு சந்தை இருக்கிறது.

டோரேமொன் முதன்முதலில் 1973இல் வேறொரு நிலையத்தில் தொடராக வந்து, விரைவிலேயே நின்றுபோனது. சிறிது காலம் அதில் குரல் கொடுத்தவர்களுள் இதே நொஸாவாவும் ஒருவர். 1979இல் புதிய தொடர் தொடங்கியபோது ஓயாமாவைத் தேர்ந்தார்கள். டோரேமொனைப் படைத்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ அவருடைய நடிப்பைக் கேட்டபின், டோரேமொனின் குரல் இதுதானா என்று தானே இப்போதுதான் அறிந்தவர்போல் வியந்தாராம்.

நான் ஓயாமாவைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கிய காரணம் இனிச் சொல்லப்போவது. டோரேமொன் பிள்ளை வளர்ப்பதற்காகச் செய்யப்பட்ட ரோபோ, ஆகவே கெட்ட வார்த்தை அதற்குள் பதியப்பட்டிருக்க நியாயமில்லை என்று அவர் வாதித்தார். வசனத்தில் முரட்டுச் சொற்கள் வந்தால் அவற்றை மாற்றிப் பேசினார். எழுத்தாளர் எழுதியதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவிக்கிற தொழில் இது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாத்திரம் யார், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை, முகமே தெரியாத ஒரு நடிகை தன் தோளில் ஏற்றிக்கொண்டார். கார்ட்டூன் பார்த்துப் பிள்ளைகள் நாக்கு நீட்டக் கற்றுக்கொள்கிறார்கள் என்று குறைப்படுகிற பெற்றோர் நாம் எல்லோரும், அந்தக் கார்ட்டூன்களுக்குள் இருந்து சொற்களைக் காவல் காத்த ஒருவர் இருந்தார் என்பதை அறிந்திருப்பது நியாயம்.

வேலை எப்படி நடக்கிறது? அனிமேக்கு ஜப்பானில் எல்லோரும் ஒரே கூடத்தில் சேர்ந்து பேசுவதே நெடுங்கால வழக்கம். முன்னால் திரை, சில ஒலிவாங்கிகள். கையில் வசனத்தாளுடன் பின்னால் இருப்பவர் தன் முறை வரும்போது முன்னே வந்து பேசிவிட்டு, காலடிச் சத்தமோ தாள் புரளும் சத்தமோ கேட்காமல் விலகி, அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். படம் பல வேளைகளில் முடிந்திருக்காது, வெறும் பென்சில் கோடுகளைப் பார்த்து அழ வேண்டியிருக்கும். வீடியோ கேம் வேறு உலகம். சிறு அறையில் தனியாக நின்று, முன்னும் பின்னும் தெரியாத நூற்றுக்கணக்கான வசனங்களை ஒவ்வொன்றாகப் பேச வேண்டும். விளையாடுபவர் எந்த வழியில் போவார் என்று தெரியாததால் எல்லா வழிக்கும் பதில் வேண்டும். அடி வாங்குகிற முனகல் பத்து விதம், விழுகிற அலறல் பத்து விதம். தொண்டை கிழிந்துபோகும். அமெரிக்காவில் 2016இல் கேம் குரல் நடிகர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, தொண்டைக்கு ஏற்படும் இந்தச் சேதமும் அவர்களது முறைப்பாடுகளில் ஒன்றாக இருந்தது.

சம்பளத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதை வாசித்துவிட்டு நாளைக்கே ஒரு பிள்ளை உயர்தரப் பாடங்களை மூடிவைத்தால் உம்மாமார் என்னைத் தேடி வருவார்கள். ஜப்பானில் தரவரிசை முறை ஒன்று உண்டு. புதிதாக வருபவருக்கு அரைமணி நேர அத்தியாயம் ஒன்றுக்கு 15,000 யென் என்பது நீண்டகாலம் வழங்கிவந்த தொகை. பேசுவது ஒரு வரியாக இருந்தாலும் நூறு வரியாக இருந்தாலும் அவ்வளவுதான். வாரம் ஒரு அத்தியாயம் கிடைத்தால் மாதம் 60,000 யென். முகவர் நிறுவனத்தின் பங்கும் வரியும் போனால் டோக்கியோவில் ஓர் அறைக்கு வாடகை கொடுப்பதே கஷ்டம். வாரம் ஒன்றாவது கிடைக்காதவர்கள்தாம் அதிகம். உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு குரல் தேர்வுகளுக்கு ஓடுகிறவர்களின் தொழில் இது. இந்த அளவாவது தானாகக் கிடைத்ததல்ல. 1973இல் குரல் நடிகர்கள் வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கினார்கள், மறு ஒளிபரப்புக்கும் ஊதியம் கேட்டார்கள், பெற்றார்கள்.

முகம் தெரியாத தொழில் என்பதால் இது நம் பெண்களுக்கு வசதியானது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பாதி உண்மை. இன்றைய ஜப்பானில் இளம் குரல் நடிகையிடம் பாடவும் மேடையில் ஆடவும் படத்துக்கு நிற்கவும் எதிர்பார்ப்பது சாதாரணமாகிவிட்டது. குரலை விற்கப் போனவளிடம் முகத்தையும் கேட்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. ஓயாமாவின் காலத்தில் ஒரு தடித்த குரல்காரி தன் ஐம்பதாவது வயதிலும் நாட்டின் மிகப் பெரிய குழந்தை நட்சத்திரமாக இருக்க முடிந்தது. இன்று அதே பெண் இருபது வயதில் தேர்வுக்குப் போனால் முதலில் புகைப்படத்தைத்தான் பார்ப்பார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

2005 மார்ச்சில் டோரேமொன் தொடரின் ஐந்து பிரதான குரல் நடிகர்களும் ஒன்றாக விலகினார்கள். நொபிட்டாவாகப் பேசிய நொரிகோ ஒஹாராவும் அதில் ஒருவர். 1980 தொடங்கி 2004 வரை 25 திரைப்படங்கள், வாராவாரம் தொலைக்காட்சி எல்லாம் அத்துடன் முடிந்தன. ஓயாமாவுக்கு அதற்கு நாலு வருடம் முன்னரே புற்றுநோய் கண்டு சத்திரசிகிச்சையும் நடந்திருந்தது. வஸாபி மிஸுதா என்ற இளம் நடிகை அவரது இடத்துக்கு வந்தார், இன்றுவரை இருக்கிறார். இன்றைய ஜப்பானியச் சிறுவர்களுக்கு டோரேமொன் என்றால் மிஸுதாதான். பாத்திரம் யாருக்கும் சொந்தமில்லை, வாடகை வீடு மாதிரி. இதை அறிந்துகொண்டே 26 வருடம் அந்த வீட்டைச் சொந்த வீடுபோல் கூட்டிப் பெருக்கியிருக்கிறார் ஓயாமா.

கதை அதோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2010ஆம் ஆண்டு, 77 வயதில், டங்கன்ரொன்பா என்ற வீடியோ கேமில் ஓயாமா மொனோகுமா என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். பாதி வெள்ளை, பாதி கறுப்பான ஒரு பொம்மைக் கரடி. மாணவர்களைப் பாடசாலைக்குள் அடைத்து, ஒருவரையொருவர் கொல்லச் சொல்லும் கொடூர அதிபர். (சிறு பிள்ளைகளுக்கான விளையாட்டு அல்ல, வீட்டில் தேடிப் பிடித்து விளையாட வேண்டாம்.) இருபத்தாறு வருடம் பிள்ளைகளைத் தேற்றிய அதே குரல், அதே அன்பான தொனியில், கொலை செய்யச் சொன்னது. டோரேமொனைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. கெட்ட வார்த்தை பேசாத டோரேமொனைக் காத்தவர் இதை ஏன் ஏற்றார் என்று கேட்கலாம். என் அபிப்பிராயத்தில் முரண்பாடு எதுவுமில்லை. சிறுவருக்கான நிகழ்ச்சியில் எதைச் சொல்லக்கூடாது என்று அறிந்தவருக்குத்தான், வளர்ந்தவருக்கான கதையில் தீமை எப்படி ஒலிக்கும் என்பதும் தெரியும். தீமை பெரும்பாலும் அன்பான குரலில்தானே வருகிறது? பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தானே? இன்னொன்று, அவர் தாமும் கேம் பிரியை. பந்தால் செங்கல் உடைக்கும் அர்க்கனாய்ட் விளையாட்டில் கைதேர்ந்தவர் என்று பெயர் வாங்கியவர். பேரப்பிள்ளை வயதினரின் உலகத்தை எட்டி நின்று ஏளனம் செய்யாமல் உள்ளே போய்ப் பார்த்த மூதாட்டி.

2015இல் அவரது கணவர், நடிகர் கெய்ஸுகே ஸகாவா, மனைவிக்கு மறதி நோய் இருப்பதை வானொலியில் வெளியிட்டார். அடுத்த வருடம் மொனோகுமாவின் குரலும் வேறொருவருக்குப் போனது. 2017இல் கணவர் காலமானார். ஓயாமா 2024 செப்டம்பர் 29ஆம் திகதி, தமது 90ஆவது வயதில் மறைந்தார். நொரிகோ ஒஹாராவும் அதே வருடம் ஜூலையில் மறைந்திருந்தார். நீலப் பூனையும் அதன் பையனும் இரண்டரை மாத இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த வருடமே ஒக்டோபரில் ஜப்பானிய முன்னணிக் குரல் நடிகர்கள் 26 பேர் ஒன்றுகூடி, தங்கள் அனுமதியின்றிச் செயற்கை நுண்ணறிவால் தங்கள் குரலைப் பிரதி செய்வதற்கு எதிராகப் பிரசாரம் தொடங்கினார்கள். அமெரிக்காவிலும் அதே 2024 ஜூலையில் தொடங்கிய கேம் நடிகர்களின் வேலைநிறுத்தத்துக்கு இதுவே பெருங்காரணம், அது அடுத்த வருடம்தான் முடிந்தது. இது நடிகர்களின் பிரச்சினை என்று நாம் ஒதுங்க முடியாது. நம் பிள்ளைகள் நாள்முழுதும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார்கள். ஒருவரின் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டாலே அதைப் போலப் பேசக்கூடிய இயந்திரங்கள் வந்துவிட்டன. மகளின் புகைப்படம் யாரிடம் போகிறது என்று விழித்திருந்து பார்க்கும் வாப்பாமார், மகளின் குரல் எங்கே போகிறது என்று ஒரு நாளாவது யோசித்ததுண்டா? குரலும் அமானிதம்தான். மெல்லமாகக் கதைக்கச் சொல்லும்போது மட்டும் நமக்கு அது நினைவுக்கு வருகிறது.

கடைசியாக நம் வீட்டு விஷயம் ஒன்று. நம் சின்னப் பிள்ளைகள் தமிழில் பார்க்கிற கார்ட்டூன்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் குரல் கொடுக்கப்பட்டவை. அதில் குற்றமில்லை, நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் "வாப்பா" என்றோ "உம்மா" என்றோ "தாத்தா" என்று அக்காவையோ கூப்பிடுகிற ஒரு கார்ட்டூன் பிள்ளையை நான் இதுவரை கேட்டதில்லை. "என்ன செய்றீங்க" என்று நம் ஊர் இழுவையில் ஒரு பூனையும் கேட்டதில்லை. வானொலியில் நம் நாட்டுக்குப் பெருமையான பெண் குரல்கள் இருந்தன. ராஜேஸ்வரி சண்முகம் என்றால் நம் உம்மம்மாமார் இன்றும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பேசுவார்கள். அந்த வரிசை அறுந்துபோக வேண்டியதில்லை.

நம் கல்லூரியில் ஒலிவாங்கி இருக்கிறது, கணினி அறை இருக்கிறது, கதை எழுதும் மாணவியரும் இருக்கிறார்கள். ஊடகக் கழகம் வரும் தவணையில் ஆரம்பப் பிரிவுச் சின்னப் பிள்ளைகளுக்காகப் பத்துக் கதைகளை நம் பேச்சில் பதிவு செய்து கொடுக்கலாம். தெரிவுக்கு வரும்போது ஆசிரியைகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும், பிள்ளைகள் பெயர் சொல்லாமல் பேச வேண்டும். கரடிக்கும் கிழவனுக்கும் காகத்துக்கும் பேய்க்கும் ஆள் தேவைப்படும். அவற்றுக்கெல்லாம் இனிய குரல் உதவாது. பின்வரிசையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பவர்களை முதலில் கூப்பிடுங்கள்.